கார்த்திகா நாயர்

கார்த்திகா நாயர் (பிறப்பு: 1972, கோட்டயம்) ஆங்கிலத்தில் எழுதும் கவிஞர், நாட்டியத் தயாரிப்பாளர், குழந்தை நூலாசிரியர். பாரிசில் வசிக்கிறார். சிடி லார்பி செர்காவி, அக்ரம் கான் ஆகிய நடன அமைப்பாளர்களோடு நெடுங்காலம் பணியாற்றியவர். முதல் கவிதைத் தொகுப்பு ‘பேரிங்ஸ்’ 2009இல் வெளிவந்தது.

அவருடைய பணிகளில் குழந்தைகளுக்கு நெருக்கமானது ஒரு தேன் கதை. வங்கதேச வம்சாவளியினரான அக்ரம் கான் 2011இல் தனியொருவராக ஆடிய ‘தேஷ்’ நாட்டியத்துக்குக் கதை எழுதியவர்களில் கார்த்திகா முக்கியமானவர். அதில் அக்ரம் கான் தன் மழித்த உச்சந்தலையில் கண்ணும் வாயும் வரைந்து, தலையைக் குனிந்து, வயதான தந்தையாகவே மாறிவிடுவார். அதே நாட்டியத்தில், பசி தாங்காமல் காட்டுக்குள் தேனெடுக்கப் போகும் சிறுவனின் கதையும் உண்டு. திரையில் வெள்ளைக் கோடுகளாக மரங்களும் விலங்குகளும் எழும்பும். ஆடுபவர் அந்தக் கோட்டு மரத்திலேயே ஏறுவார். 2012இல் ‘தேஷ்’ ஒலிவியே விருது பெற்றது.

இக்கதையை விரித்து கார்த்திகா எழுதிய சிறுவர் நூல் ‘தி ஹனி ஹன்டர்’ (2013). படங்கள் பிரெஞ்சு ஓவியர் ஜோயல் ஜோலிவே வரைந்தவை. சுந்தரவனத்துச் சிறுவன் ஷோனு, புலி உருவில் வரும் தக்கின் ராய், காட்டைக் காக்கும் போன்பீபி ஆகியோர் இதில் வருகின்றனர். பசியையும் பயத்தையும் பிள்ளைகளுக்காக மழுப்பாமல் சொல்லியிருப்பதே நூலின் பெரும் பலம். ‘தேஷ்’ நாட்டியத்தைச் சூ பக்மாஸ்டர் சிறுவர்களுக்காக மாற்றி இயக்கிய ‘சோட்டோ தேஷ்’ 2015இல் மேடையேறியது. அதில் பேரனுக்குப் பாட்டி சொல்லும் கதையாக இதே தேன் கதை வருகிறது.

பெரியவர்களுக்கான ‘அன்டில் த லயன்ஸ்’ (2015) மகாபாரதத்தைப் போரில் இழந்தவர்களின் வாய்மொழியாகச் சொல்லும் கவிதை நூல். டாட்டா இலக்கிய விருது பெற்றது. அம்பையோடு அரவானின் தாய் உலூபியும் இதில் பேசுகிறாள். அந்த அரவானுக்கு விழா எடுக்கும் ஊர் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம். ஆண்டுதோறும் சித்திரையில் அங்கே அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாளே அறுத்து அழுகிறார்கள் திருநங்கைகள். அந்த ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு உலூபியின் குரல் அந்நியமாகத் தோன்றாது.

அம்பையின் கதையை அக்ரம் கான் 2016இல் லண்டனில் நாட்டியமாக்கினார். 2022இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் இந்நூல் இசை நாடகமாகவும் அரங்கேறியது. அதை இயக்கி நடனம் அமைத்தவர் சென்னையில் பிறந்த ஷோபனா ஜெயசிங்.