அட்வென்ட் காலண்டர்: சாக்லேட்டுக்குக் காசா, காத்திருப்புக்குக் காசா?

நவம்பர் வந்துட்டா, வெளிநாட்டில் இருக்கும் நம்ம நேயர்கள்கிட்ட இருந்து ஒரு கேள்வி வரும். "உயர்தர டார்க் சாக்லேட் வெச்ச அட்வென்ட் காலண்டர், விலையைப் பார்த்தா தலை சுத்துது. வாங்கலாமா, வேண்டாமா?" பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்தக் காலண்டர் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அட்வென்ட் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய காத்திருப்புக் காலம். நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் திருவருகைக் காலம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில், புராட்டஸ்டன்ட் வீடுகளில் கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு வைப்பார்கள். பிள்ளைகள் தினமும் ஒரு கோட்டை அழிக்கணும். கத்தோலிக்க வீடுகளில் குழந்தை இயேசுவின் தொட்டிலில் தினமும் ஒரு வைக்கோல் வைப்பார்கள். மொத்தச் செலவே ஒரு துண்டு சாக்பீஸ், ஒரு பிடி வைக்கோல்.

இதை அச்சுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் மியூனிக்கில் பதிப்பகம் நடத்திய கெர்ஹார்ட் லாங். சின்ன வயதில் "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று இவர் நச்சரித்ததால், அம்மா ஓர் அட்டையில் 24 இனிப்பு பிஸ்கட்டுகளைக் கோர்த்து, நாளைக்கு ஒன்று என்று கொடுத்தாராம். அந்த நினைவில்தான் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவர் காலண்டர் அச்சடித்தார். அப்போ கதவெல்லாம் இல்லை. தினமும் ஒரு படத்தை வெட்டி, அந்தந்தக் கட்டத்தில் ஒட்டணும். திறக்கும் கதவுகள் 1920 வாக்கில்தான் வந்தன.

பிறகு கஷ்டகாலம். 1930களின் கடைசியில் லாங்கின் தொழில் நின்றுபோனது. போரில் காகிதத் தட்டுப்பாடு வேற. நாஜிக் கட்சியோ கிறிஸ்தவ அடையாளங்களை எடுத்துவிட்டு, தன் பிரச்சாரத்தை வைத்து ஒரு காலண்டர் வெளியிட்டது. போர் முடிந்து, 1946இல், குண்டுவீச்சில் சிதைந்துகிடந்த ஸ்டுட்கார்ட்டில் ரிச்சர்ட் செல்மர் என்பவர் அமெரிக்க ராணுவ நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி, 'சின்ன நகரம்' என்ற காலண்டரை அச்சிட்டார். உள்ளே சாக்லேட் கிடையாது. கதவைத் திறந்தால் ஒரு படம், அவ்வளவுதான். அதை வைத்தே அவர் பதிப்பகம் மறுபடி இந்தத் தொழிலை எழுப்பியது.

அப்போ சாக்லேட் எப்போ வந்தது? 1920களிலேயே லாங் முயன்றார். ஆனால் அது உடனே வழக்கமாகிவிடவில்லை. பிரிட்டனில் கேட்பரி 1971இல் ஒன்றை வெளியிட்டாலும், விடாமல் வருஷா வருஷம் வர ஆரம்பித்தது 1993இல் இருந்துதான். 'லக்ஸுரி' பெட்டியெல்லாம் அதற்கும் பிறகு சேர்ந்த அலங்காரம்.

சரி, இப்போ கேள்விக்கு வருவோம். பெட்டியின் பின்பக்கம் நிகர எடையைப் பாருங்க. துண்டுக்கு 10 கிராம் என்றால், 24க்கு 240 கிராம். அதே கம்பெனியின் 100 கிராம் பார் மூன்று வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்க. அதற்கு மேல் நீங்க கொடுப்பது அட்டைக்கும் கதவுக்கும். உள்ளே எத்தனை உண்மையிலேயே டார்க், கோகோ எத்தனை சதவீதம் என்பதையும் படிங்க. பல பெட்டிகளில் மில்க் சாக்லேட்டும் கலந்திருக்கும்.

என் கருத்து இதுதான். முதல் வாரத்திலேயே மொத்தத்தையும் தின்னு தீர்க்கிற ஆளா இருந்தா, வாங்காதீங்க, பார்தான் லாபம். வீட்டில் இரண்டு பேர் தினமும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒரு கதவைத் திறந்து, ஒரு துண்டைப் பாதி பாதியாகப் பிய்த்துக்கொள்வீர்கள் என்றால், அந்தக் கூடுதல் காசுக்கு அர்த்தம் இருக்கு. காசு இடிக்குதா? நல்ல சாக்லேட்டை 24 துண்டாக்கி, காகிதத்தில் மடித்து, எண் எழுதி வையுங்க. லாங்கின் அம்மா செய்ததும் அதுதானே.