காட்டுக்கு அனுமதி உண்டு, பிள்ளைக்குப் பொறுப்பு யாருடையது? பதின்வயதினரின் வனமுகாம்களும் விதிகளின் வரலாறும்

கரமனை அக்கிரகாரத் தெருக்களை ஒட்டி ஓடும் ஆறு அகத்தியமலைத் தொடரில் பிறந்து, பேப்பாறை, அருவிக்கரை அணைகளைக் கடந்து நகரத்துக்குள் வருகிறது. அந்தத் தொடரின் உச்சியான அகத்தியகூடம் 1,868 மீட்டர் உயரமுடையது. ஆண்டுதோறும் மகரவிளக்கையொட்டித் தொடங்கிச் சிவராத்திரி வரை நீளும் பருவத்தில், கேரள வனத்துறையின் அனுமதிச் சீட்டுடன் அதில் ஏறலாம். போனக்காட்டிலிருந்து நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாள் உச்சியை அடைவது வழக்கம். நெடுங்காலம் வனத்துறையின் அறிவிப்பில் ஒரே வரியில் இரு விலக்குகள் இருந்தன: பெண்களுக்கும் 14 வயதுக்குட்பட்ட சிறாருக்கும் அனுமதி இல்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் பாலினத்தின் பெயரால் தடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தபின் முதல் விலக்கு நீங்கியது. 2019 ஜனவரியில் பெண்கள் மலையேறினர். இரண்டாவது விலக்கு நீடிக்கிறது.

அந்த வழக்கின் மையக் கேள்வி யார் நுழையலாம் என்பது. நுழைந்தவரின் உயிருக்கு யார் பொறுப்பு என்பது வேறொரு கேள்வி. பதின்வயதினரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் நிகழ்ச்சிகள் தொடர்பாக நம் நாட்டில் எழுந்த விதிகள் பெரும்பாலும் முதற்கேள்விக்கே விடை கூறுகின்றன.

இதற்குச் சட்டத்தின் பிறப்பிலேயே காரணம் உண்டு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 27, 28 ஆகிய பிரிவுகளில் சரணாலய நுழைவைக் கட்டுப்படுத்துகிறது. ஆய்வு, ஒளிப்படம், சுற்றுலா முதலிய நோக்கங்களுக்குத் தலைமை வனவுயிர்க் காப்பாளர் அனுமதி வழங்கலாம். அச்சட்டம் காக்க முற்படுவது காட்டையும் அதன் உயிர்களையும், அது முறையானதே. ஆயினும், காட்டைக் காக்க வகுக்கப்பட்ட அனுமதிச் சீட்டு, நடைமுறையில் மனிதரைக் காக்கும் சான்றாகவும் கருதப்படலாயிற்று. குழுவை நடத்துபவர் முதலுதவி அறிந்தவரா, எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பாளர், வானிலை மாறினால் திரும்பும் முடிவை யார் எடுப்பார் என்பவை அப்பிரிவுகளின் நோக்கத்துக்கு அப்பாற்பட்டவை.

கேரளத்தில் மாணவரைக் காட்டுக்கு அழைத்துச் செல்லும் மரபு சுற்றுலாவிலிருந்து தோன்றியதன்று. 1970களில் பையன்னூர்க் கல்லூரி விலங்கியல் பேராசிரியர் ஜான் சி. ஜேக்கப் தொடங்கிய இயற்கை முகாம்கள் அதற்கு வித்திட்டன. அமைதிப் பள்ளத்தாக்குப் போராட்டக் காலத்தில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அவை சூழலியலின் முதற்பள்ளியாயின. பின்னர் வனத்துறையே மாணவர்களுக்கான இயற்கை முகாம்களை நடத்தத் தொடங்கியது. இம்முகாம்களின் பாதுகாப்பு, நடத்துபவரின் காட்டறிவையும் மனச்சான்றையும் சார்ந்திருந்தது. நல்லாசிரியர் உடனிருக்கும்வரை அது போதுமானதாகத் தோன்றியது.

2007 பிப்ரவரி 20 அன்று அந்நம்பிக்கை உடைந்தது. அங்கமாலிக்கு அருகிலுள்ள எளவூர்ப் பள்ளியிலிருந்து தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குச் சென்ற மாணவர்கள் பெரியாற்றில் படகேறினர். ஏற்றக்கூடிய அளவைப் பன்மடங்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு மூழ்கியது. 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் இறந்தனர். நீதி விசாரணை நடந்தது, படகோட்டி தண்டிக்கப்பட்டார், பள்ளிச் சுற்றுலாக்களுக்கு அரசு நெறிமுறைகளை வகுத்தது. அவற்றுள் இரவுப் பயணத் தடையும் இடம்பெற்றது. ஆனால் 2022 அக்டோபர் 5 இரவில், முளந்துருத்திப் பள்ளியொன்றிலிருந்து உதகைக்கு மாணவரை ஏற்றிச் சென்ற பேருந்து வடக்கஞ்சேரியில் அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியது. 5 மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசுப் பேருந்துப் பயணிகள் மூவர் என ஒன்பது பேர் மாண்டனர். விதி தாளில் இருந்தது. பேருந்து புறப்படும்போது அதைக் கேட்டவர் இல்லை.

தமிழ்நாட்டின் வரலாறும் இவ்வாறே. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில், கேரள எல்லையை ஒட்டிய கொழுக்குமலைச் சரிவில், காட்டுத்தீ மலையேற்றக் குழுக்களைச் சூழ்ந்தது. 23 பேர் இறந்தனர். இறந்தோர் பெரும்பாலும் இளவயதினரேயன்றிப் பதின்வயதினர் அல்லர். எனினும் நிகழ்வின் விளைவு எல்லா வயதினரையும் தொட்டது. கேரளமும் தற்காலிகமாக மலையேற்றத்தை நிறுத்தியது. அவ்வாண்டே தமிழ்நாடு மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளைக் கொணர்ந்தது. இப்போது தீப்பருவமான பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்படுகின்றன. 2024இல் அரசே 40 பாதைகளைப் பயிற்சிபெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன் திறந்தது. மறுபுறம், அதே 2018 ஜூலையில் கோயம்புத்தூருக்கு அருகே நரசீபுரத்துத் தனியார் கல்லூரியொன்றில் பேரிடர்ப் பயிற்சியின்போது மாடியிலிருந்து குதிக்கப் பணிக்கப்பட்ட 19 வயது மாணவி இறந்தார். பயிற்சியளித்தவர் தங்கள் பயிற்சியாளர் அல்லர் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. காட்டுப் பாதைக்கு விதி வந்துவிட்டது. கல்லூரி வளாகத்தில் பயிற்சியாளர் என்று சொல்லிக்கொண்டு வருபவரின் தகுதியை அவ்விதியால் தொட இயலாது.

பொறுப்பு என்னும் சொல்லுக்கு இந்நாட்டில் உயிர் கொடுத்தவை நீதிமன்றங்களே. 1995 மே மாதம் பதான்கோட்டுக்கு அருகிலுள்ள பள்ளியொன்றின் மாணவர்கள் 14 பேர் சுற்றுலாவின்போது பியாஸ் ஆற்றில் மூழ்கி இறந்தனர். எம். எஸ். கிரேவால் எதிர் தீப் சந்த் சூத் என்னும் அவ்வழக்கில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு இமாசலப் பிரதேச உயர்நீதிமன்றம் இட்ட ஆணையை 2001இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. பெற்றோருக்குரிய கவனம் உடன்செல்லும் ஆசிரியரிடம் எதிர்பார்க்கப்படும். அவர் தவறினால் நிர்வாகமும் பொறுப்பேற்க வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பெற்றோரிடம் கையொப்பம் பெற்ற இசைவுக் கடிதமே போதும் எனக் கருதும் பள்ளிகள் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. ஆனால் இழப்பீட்டின் வழியாக நிறுவப்படும் பொறுப்பு, இயல்பிலேயே மரணத்துக்குப் பிற்பட்டது.

மரணத்துக்கு முன்னே கேள்வி கேட்கும் முறைக்கு இங்கிலாந்து ஒரு சான்று. 1993 மார்ச் 22 அன்று லைம் வளைகுடாவில் சிறுபடகுப் பயிற்சிக்குச் சென்ற பிளிமத் பள்ளி மாணவர் நால்வர் இறந்தனர். அந்தப் பயிற்சி மையத்தில் முன்பு பணியாற்றியவர்கள் அதன் பாதுகாப்புக் குறைகளை நிர்வாகத்துக்குக் கடிதம்வழி எச்சரித்திருந்தனர், அது புறக்கணிக்கப்பட்டது. நிறுவனமும் அதன் இயக்குநரும் தண்டிக்கப்பட்டதோடு விவகாரம் முடியவில்லை. 1995இல் இளையோர் பாதுகாப்புக்கான தனிச்சட்டம் நிறைவேறியது. 18 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணம் பெற்று மலையேற்றம், பாறையேற்றம், குகைப்பயணம், நீர்விளையாட்டு ஆகியவற்றை நடத்துவோர் ஆய்வுக்குட்பட்டு உரிமம் பெற வேண்டும் என்றாயிற்று. இது வெளிப்புறக் கல்வியை முடக்கிவிடும் என்ற வாதம் அங்கும் எழுந்தது. 2010இல் அரசுக்கு அளிக்கப்பட்ட ஓர் அறிக்கை உரிம ஆணையத்தை நீக்கவே பரிந்துரைத்தது. ஆயினும் உரிமமுறை தொடர்கிறது. இதற்கு மாறாக, அமெரிக்காவில் தனியார் நடத்தும் ‘வனச் சிகிச்சை’ முகாம்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் மேற்பார்வையின் கீழ் பெருகின. 2007இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு, இத்தகைய நிகழ்ச்சிகளில் பதின்வயதினர் இறந்த பத்து நேர்வுகளை ஆராய்ந்து, பயிற்சியற்ற ஊழியரையும் புறக்கணிப்பையும் சுட்டிக்காட்டியது.

கேரளத்தில் இன்று விதிகளே இல்லை என்பது உண்மையன்று. சாகசச் சுற்றுலா நடத்துவோரைப் பதிவுசெய்யும் ஏற்பாடு சுற்றுலாத்துறையின்கீழ் உள்ளது; பள்ளிப் பயணத்துக்குக் கல்வித்துறையின் நெறிமுறை உள்ளது; காட்டுக்கு வனத்துறையின் சீட்டு உள்ளது. ஒரு துறை பயணியைப் பார்க்கிறது, ஒன்று மாணவரை, ஒன்று காட்டை. காட்டுக்குள் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளை இம்மூன்று பார்வைகளும் சந்திக்காத இடத்தில் நிற்கிறது. நடத்துபவரின் தகுதியை முன்கூட்டியே சோதித்து, அவர் பெயரைப் பொதுப்பதிவேட்டில் வைத்து, புகார்களைப் பெற்று, தேவையெனில் உரிமத்தை நீக்கும் ஒரே அமைப்பு தேவைப்படுவது இதனால்தான்.

அகத்தியமலைக் காடுகளில் வழிகாட்டிகளாகச் செல்வோருள் காணி மக்கள் உண்டு. ஓடை எப்போது பெருகும், யானை எவ்வழி வரும் என்பதை அவர்கள் அறிவர். ஒரு வழிகாட்டி ‘இன்று போக வேண்டாம்’ என்று சொன்னால், கட்டணம் வாங்கிய அமைப்பாளரையும் விடுமுறை முடிவதற்குள் திரும்ப வேண்டிய பள்ளியையும் அச்சொல் கட்டுப்படுத்துமா? லைம் வளைகுடாவில் எச்சரிக்கைக் கடிதம் எழுதியோரின் சொல் நிர்வாகத்தைக் கட்டுப்படுத்தவில்லை. இங்கு எழுதப்படும் அடுத்த விதியில், பயணத்தை நிறுத்தும் அதிகாரம் வழிகாட்டிக்கு உண்டு என்னும் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும்.