அணியும் குற்றமும்: ஓர் உலோகப் பட்டையின் வரலாறு

1

பழைய கார் ஒன்றின் டேஷ்போர்டில் இடமிருந்து வலமாக ஓடுகிற அலுமினியப் பட்டையைக் கழற்றிப் போட்டாலும் கார் ஓடும். எஞ்சினுக்கு அது வேண்டாம், பிரேக்குக்கும் வேண்டாம். கதவின் உட்பக்கத்து விளிம்புப் பட்டை, ஸ்டியரிங்கின் நடுவிலிருக்கும் முத்திரைத் தகடு, மீட்டர்களைச் சுற்றிய பளபள வளையம் எல்லாம் இந்த வகைதான். நம்மூர்ப் பட்டறைகளில் பட்டைகளைப் பொதுவாக 'பீடிங்' என்று சொல்லிவிடுவார்கள். இல்லாவிட்டாலும் நடக்கும் என்கிற இந்தச் சாமான்களைச் சுற்றி ஒரு நூற்றாண்டாக இவ்வளவு மூலதனமும் உழைப்பும் சட்டமும் போலீஸும் ஏன் குவிந்து கிடக்கின்றன என்பதே என் கேள்வி.

தமிழ் எம்.ஏ. படிச்ச ஆளுக்கு மோட்டார் கார்ல என்ன வேலை என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்தக் கேள்வியே தமிழ் வகுப்பறையிலிருந்து வந்ததுதான். தண்டியலங்காரம் படிக்கிற எவருக்கும் எழக்கூடிய கேள்வி: அணி என்பது உடம்பின் பகுதியா, உடம்பின் மேல் மாட்டிக்கொள்வதா? கழற்றி வைத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? வகுப்பறை இதை அழகின் பிரச்சினையாக மட்டுமே வைத்துக்கொண்டது. யாருடைய அணி, அதைச் செய்தது யார், போட்டுக்கொள்ள யாருக்கு அனுமதி என்று கேட்கத் தொடங்கினால் அது அதிகாரத்தின் பிரச்சினையாகிவிடும். தோள்சீலைக்காகப் போராட வேண்டியிருந்த மண்ணில் இதை விளக்கத் தேவையில்லை.

1910இல் வியன்னாவில் கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸ் 'அணியும் குற்றமும்' என்று பொருள்படும் தலைப்பில் பேசினார். அணி வீணான உழைப்பு, வீணான பொருள் என்பது அவர் வாதம். பப்புவா மனிதன் பச்சை குத்திக்கொள்ளலாம், அவன் இன்னும் வளரவில்லை. நவீன மனிதன் குத்திக்கொண்டால் அவன் குற்றவாளி அல்லது சீரழிந்தவன் என்றும் வாதிட்டார். நவீனத்துவக் கட்டடக்கலை இதை ஏறக்குறைய வேதமாக எடுத்துக்கொண்டது. உழைப்பின் மேலான கரிசனமும் இனவாதமும் ஒரே வாதத்துக்குள் குடித்தனம் நடத்துவதை நாம் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் இதே குடித்தனத்தை இன்னொரு வடிவத்தில் பார்க்கப்போகிறோம்.

2

1924இல் வெளிவந்த புகாட்டி 35 பந்தயக் காரின் அலுமினியத் தகடுகளைப் பார்த்தால், மீன் செதில் அடுக்கியதுபோல் ஒன்றன் மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள் தெரியும். சுழலும் தண்டின் முனையில் தேய்ப்புப் பொடி வைத்து, தகட்டின் மேல் ஒவ்வொரு வட்டமாக அழுத்தி எடுத்தவை அவை. கடிகாரம் செய்பவர்கள் உள்தகடுகளில் செய்துவந்த வேலை காருக்கு வந்தது. வெளிச்சம் ஒரே இடத்தில் பட்டுக் கண்ணைக் கூசாமல் சிதறும்; சின்னக் கீறல்களும் தெரியாது.

இந்த வட்டங்கள் பிறகு என்ன ஆயின? 1927இல் ஜெனரல் மோட்டார்ஸ் 'கலை, வண்ணப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கி ஹார்லி ஏர்ல் என்பவரிடம் கொடுத்தது. போன வருஷத்துக் காரை இந்த வருஷம் பழசாக்குவதுதான் நிறுவனத்தின் தந்திரம். அடியில் சேசிஸை மாற்றுவது செலவு. மேலே கிரில்லையும் பட்டையையும் டேஷ்போர்டுத் தகட்டையும் மாற்றுவது மலிவு. இல்லாவிட்டாலும் நடக்கும் என்கிற சாமான்தான் சந்தையின் முதுகெலும்பாக ஆனது. 1963ஆம் வருஷத்து ஷெவர்லே இம்பாலா எஸ்.எஸ். காரின் டேஷ்போர்டில் அதே செதில் வட்டங்கள் வருகின்றன. ஆனால் எந்தக் கையும் அவற்றைத் தேய்க்கவில்லை. தகட்டின் மேல் இயந்திரம் மொத்தமாகப் பதித்த கோலம் அது.

இயந்திர மறுவுற்பத்தியில் கலைப்பொருளின் ஒளிவட்டம் வாடிவிடும் என்று 1930களில் வால்டர் பெஞ்சமின் எழுதினார். இங்கே நடந்தது வேறு. கையை வெளியே அனுப்பிவிட்டு, கையின் தடத்தை மட்டும் பண்டமாக்கி விற்றார்கள். ஒளிவட்டமே ஆலையில் அச்சடிக்கப்பட்டது.

3

அந்தத் தகடு தொலைந்துபோன கார் ஒன்று இன்று ஒருவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிரபலமான மாடலுக்கு மறுபதிப்புப் பட்டைகள் கடையில் கிடைக்கும். அரிதான காருக்குக் கிடைக்காது, தானே செய்தாக வேண்டும். முதலில் அட்டையில் படி எடுக்கிறார். பிறகு அலுமினியத் தகடு. வளைக்குமுன் அதை இளக்க வேண்டும். அலுமினியம் சிவக்காமலே உருகிவிடும் என்பதால் கண்ணை நம்ப முடியாது. ஆகவே சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடு காட்டுவார்கள். சோப்பு கறுத்தால் போதும், தீயை எடுத்துவிடலாம். கத்தரியால் வெட்டி, அரத்தால் விளிம்பு ராவி, மரக்கட்டை அச்சின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைவைக் கொண்டுவர வேண்டும். மீட்டருக்கும் சுவிட்சுக்கும் துளை போட வேண்டும்.

வட்டம் போடும் வேலையைப் பெரும்பாலும் வளைப்பதற்கு முன்பே, தகடு தட்டையாக இருக்கும்போதே முடித்துவிடுவார்கள். டிரில்லிங் மெஷினில் தண்டை மாட்டி, எண்ணெயில் குழைத்த தேய்ப்புப் பொடியைத் தடவி, ஒரு வட்டம். பாதி வட்டம் நகர்த்தி அடுத்த வட்டம். வரிசை முடிந்ததும் அதில் பாதியை மூடி அடுத்த வரிசை. அறுபது சென்டிமீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள தகட்டுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர் வட்டம் என்றால் ஆயிரத்தறுநூறு தடவைக்கு மேல் கை இறங்கி ஏற வேண்டும். நடுவில் ஒன்று பிசகினால் உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இயந்திரம் கையைப் போலி செய்தது. இப்போது கை அந்த இயந்திரத்தைப் போலி செய்கிறது. மீட்டெடுப்பாளர்களின் உலகில் இந்தக் கை வெளியே தெரிந்தால் தோல்வி. 1950இல் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சில் தொடங்கி இன்றுவரை நடக்கும் பணக்காரக் கார்க் கண்காட்சியில் நடுவர்கள் பார்ப்பது கார் அசலுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்பதைத்தான். சுவடிப் பதிப்பில் மூலபாடம் தேடுகிற மனநிலைதான் இது. ஆலையிலிருந்து வெளியே வந்த அந்தக் கணமே மூலம். அதன்பின் வந்ததெல்லாம் பாடபேதம், இடைச்செருகல். ஆயிரத்தறுநூறு வட்டம் போட்ட ஆள் கடைசியில் ஆலையின் கையெழுத்தைத்தான் போட்டுவிட்டுப் போகிறார்.

4

அதே கலிபோர்னியாவில் இடைச்செருகலையே இலக்கியமாக்கிய இன்னொரு கூட்டம் இருந்தது, இருக்கிறது. கிழக்கு லாஸ் ஏஞ்சலஸின் மெக்சிகோ வழி அமெரிக்கர்களான சிகானோக்கள். அவர்களுடைய தாழ்த்தப்பட்ட கார்களுக்கு லோரைடர் என்று பெயர். தாழ்வாக, மெதுவாக ஓட்டுவது என்பது வேகத்தையே மதமாகக் கொண்ட நாட்டில் ஒரு மறுப்பு. விட்டியர் சாலையில் சனி, ஞாயிறு இரவுகளில் அவர்கள் ஊர்வலமாகப் போவார்கள்.

இந்தக் கார்களின் உட்புறம் தனியாக வாசிக்கப்பட வேண்டிய பிரதி. இரும்புச் சங்கிலியின் கண்ணிகளை வளையமாக வெல்டிங் செய்து, முலாம் பூசி, ஸ்டியரிங்காக மாட்டினார்கள். கட்டிவைக்கிற சங்கிலியைக் கையில் பிடித்து ஓட்டுவதன் குறியீட்டை நான் விளக்க வேண்டாம். பட்டைகளிலும் கைப்பிடிகளிலும் உளியால் கொடியும் ரோஜாவும் செதுக்கினார்கள். ஜெஸ்ஸி வலாடெஸின் 'ஜிப்சி ரோஸ்' என்ற 1964ஆம் வருஷத்து இம்பாலாவில் வெளியே ஏராளமான ரோஜாக்கள், உள்ளே வெல்வெட், சரவிளக்கு. ஏழை வீட்டு வரவேற்பறையும் கோயில் பீடமும் சேர்ந்த ஓர் இடம். இந்த ரசனைக்கு 'ராஸ்க்வாச்சே' என்று ஒரு வசைச்சொல் உண்டு: மட்டமான, இல்லாதவன் ரசனை. 1980களின் இறுதியில் தோமாஸ் இபார்ரா-ஃப்ராவுஸ்தோ அந்த வசையையே ஓர் அழகியலின் பெயராகத் திருப்பிப்போட்டார். தலித் இலக்கிய விவாதங்களோடு பழகிய நமக்கு இந்த உத்தி புதிதல்ல.

இவர்களுக்கு இந்தக் கைவேலை எங்கிருந்து வந்தது? லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலேயே ஜெனரல் மோட்டார்ஸின் சவுத்கேட் ஆலையும் வேன்நைஸ் ஆலையும் இருந்தன. அங்கே வேலை பார்த்தவர்களில் சிகானோக்களும் உண்டு. வரிசையில் நிற்கிற தொழிலாளி ஓடிவருகிற காரில் ஒரு பட்டையை வைத்து அழுத்துவான், அடுத்த கார் வந்துவிடும். தன் உழைப்பு தன்னுடையதில்லை. வீட்டுக் கொட்டகையில் அதே மாதிரிப் பட்டையைக் கழற்றி, தன் பெயரையோ தாயின் பெயரையோ செதுக்கி, திரும்ப மாட்டுகிறபோது அந்த உறவு தலைகீழாகிறது என்பது என் வாசிப்பு. பண்டத்திலிருந்து உழைப்பைப் பிடுங்கி மீட்கும் காரியம் இது. சவுத்கேட் 1982இல் மூடப்பட்டது. வேன்நைஸைக் காப்பாற்றத் தொழிலாளர்களும் சுற்றுவட்டாரச் சிகானோ, கறுப்பின மக்களும் சேர்ந்து பத்தாண்டு போராடினார்கள். 1992இல் அதுவும் போயிற்று. ஆலைகள் போன பிறகும் கொட்டகைகள் நின்றன.

அதிகாரம் சும்மா இருக்கவில்லை. 1950களின் இறுதியிலேயே காரின் எந்தப் பகுதியும் சக்கர வளையத்தின் அடிவிளிம்பைவிடத் தாழக்கூடாது என்று கலிபோர்னியா சட்டம் போட்டது. 1959இல் ரான் அகிரே என்ற இளைஞர், ராணுவ விமானங்களின் உபரிச் சாமான்களைக் கொண்டு தன் கார்வெட்டை ஏற்றி இறக்கும் நீரழுத்த அமைப்பைச் செய்தார். போலீஸ் தலை தெரிந்தால் ஒரு சுவிட்ச், கார் சட்டத்துக்கு உட்பட்ட உயரத்துக்கு எழுந்துவிடும். பிந்தைய லோரைடர்களில் இந்தச் சுவிட்சுகளை வரிசையாகப் பதிக்கிற செதுக்கிய தகடும் ஓர் அணியானது. பார்க்க நகை, உள்ளே தற்காப்பு.

1970 ஆகஸ்ட் 29 அன்று வியட்நாம் போருக்கு எதிரான சிகானோ பேரணி அடித்துக் கலைக்கப்பட்டதும், பத்திரிகையாளர் ரூபன் சலசார் ஷெரிப் ஆட்கள் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டில் இறந்ததும் இதே விட்டியர் சாலையை ஒட்டித்தான். 1970களின் இறுதியில் இரவு ஊர்வலங்களைத் தடுக்க அந்தச் சாலையையே மூடினார்கள். சட்டம் காரின் உயரத்தைப் பற்றியும் போக்குவரத்தைப் பற்றியும்தான் பேசியது. விழுந்ததென்னவோ அலங்கரித்த காருக்குள் உட்கார்ந்திருந்த பழுப்புத் தோல்மேல். லோஸின் தலைப்பு தெருவில் இப்படி நிறைவேறியது. உயரத் தடையும் ஊர்வலத் தடைகளும் மாநில அளவில் நீங்கியது 2024 ஜனவரி 1 அன்றுதான்.

5

இதை ஒரு வெற்றிக் கதையாக முடித்துக்கொள்ள எனக்கு மனமில்லை. 1977இல் சான் ஹொசேயில் தொடங்கிய 'லோரைடர்' இதழ் சிகானோ அரசியலோடுதான் பிறந்தது. சீக்கிரமே அரைகுறை ஆடைப் பெண்களைக் காரோடு சேர்த்து அட்டையில் நிறுத்தியது. பெண்ணையும் ஒரு பீடிங்காக ஆக்கியது என்றுதான் சொல்ல வேண்டும். ஆலையின் ஆண்டையிடமிருந்து மீட்ட அணியை வீட்டு ஆண்டை வாங்கிக்கொண்டான்.

முலாமும் அப்படித்தான். செம்பு, அதன்மேல் நிக்கல், கடைசியாக ஒரு மைக்ரானுக்கும் குறைவான குரோமியம். குரோமியம் எதையும் மறைக்காது; அடியிலுள்ள சின்னக் குழியையும் காட்டிக்கொடுக்கும். ஆகவே பளபளப்பு என்பது உண்மையில் பாலிஷ் போட்டவனின் தோள்வலி. அந்தத் தொட்டியிலிருந்து எழும் ஆறிணைதிறக் குரோமியப் புகை மூக்கின் நடுத்தண்டைத் துளைக்கும், நுரையீரலில் புற்று வைக்கும். ராணிப்பேட்டையில் 1990களில் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமலையையும் மஞ்சள் தண்ணீரையும் அறிந்தவர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல. லாஸ் ஏஞ்சலஸின் முலாம் பட்டறைகளும் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடுவில்தான். அலங்கார முலாமில் இதைக் கைவிட 2023இல் கலிபோர்னியா விதி கொண்டுவந்து, 2027 ஜனவரியைக் கெடுவாக வைத்தது. சில பட்டறைகளுக்கு 2030 வரை அவகாசம். தன் காருக்கு மினுக்கம் தேடியவனும் தொட்டியருகே மூச்சுவிட்டவனும் பல சமயம் ஒரே தெருக்காரர்கள்.

1990இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் நியூ மெக்சிகோவின் சிமாயோவிலிருந்து 'டேவின் கனவு' என்ற லோரைடரை வாங்கியது. 2017இல் 'ஜிப்சி ரோஸ்' தலைநகர் வாஷிங்டனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்பட்டது. இடைச்செருகலும் ஒருநாள் மூலபாடமாகிவிடுகிறது. இனி அதில் தொலைகிற ஒரு பட்டையை அப்படியே நகல் எடுக்க யாரோ அட்டை வெட்டுவார்கள்.

தமிழில் 'அணி' என்றால் நகை. 'அணி' என்றால் வரிசையாக நிற்கும் ஆட்கள். இலக்கணம் முதல் பொருளை எடுத்துக்கொண்டது. விட்டியர் சாலையில் நாற்பது கார்கள் மெல்ல நகர்ந்தபோது போலீஸ் பயந்தது இரண்டாவது பொருளைப் பார்த்து. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற ஒற்றைக் காரைப் பார்த்து எந்த அரசுக்கும் பயம் வராது.