சபையின் நினைவைக் காத்தவர்: தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் சபைப் பாடகரின் அதிகாரமும்

தமிழ்க் கிறித்தவச் சபைகளின் வரலாற்று நூல்கள் போதகர்களின் வரிசையையும் ஆலயம் எழுந்த ஆண்டையும் பள்ளிகளின் வளர்ச்சியையும் விரித்துரைத்த பிறகே பாடலாசிரியர்களிடம் வருகின்றன. வழிபாட்டுக்கு அழகு சேர்த்தவர்கள் என்ற பாராட்டோடு அவர்களை வழியனுப்பியும் விடுகின்றன. இந்த அணுகுமுறை போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு சபை எவற்றை மனப்பாடமாக வைத்திருக்கிறதோ அவற்றின்மேல் ஆளுகை உடையவர் பாடகர். தஞ்சைச் சுவிசேஷச் சபையில் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பெற்றிருந்த செல்வாக்கு இதற்குத் தெளிவான சான்று. அச்செல்வாக்கு சபையைத் தழைக்க வைத்தது. சாதி வேலிக்கும் காவல் நின்றது. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசினால் வரலாறு பிழைபடும்.

1. இரு இசை வடிவங்கள்

1706இல் தரங்கம்பாடியில் மிஷனெரி சீகன்பால்கு வந்திறங்கிய பின் உருவான லுத்தரன் சபைகளில் ஜெர்மானியப் பாடல்கள் தமிழாக்கப்பட்டு அவற்றின் மூல மெட்டிலேயே பாடப்பட்டன. இவையே ஞானப்பாட்டுகள். தமிழின் குறில் நெடில் ஓட்டம் அயல் மெட்டுக்குள் நெருக்குண்டது. மேலும், அடுத்தடுத்த பாடலடிகளைப் பாடக் கையில் புத்தகம் வேண்டும். அதைப் படிக்கவும் தெரிய வேண்டும்.

சாஸ்திரியார் கையாண்ட கீர்த்தனை வடிவம் வேறு வகையில் இயங்கியது. பாடகர் சரணத்தைப் பாடுவார். சபையார் பல்லவிக்குத் திரும்புவார்கள். வேதக் கதையும் உபதேசமும் சரணங்களில் விரியும். எழுத்தறியாதவரும் பல்லவியைப் பற்றிக்கொண்டு பாட்டில் சேரலாம். பலமுறை கேட்டபின் சரணமும் அவர் வசமாகும். வழிபாடு முடிந்து வீடு திரும்பும்போது அவரோடு செல்வது பிரசங்கத்தைவிடப் பாட்டே. ஆகவே கீர்த்தனையைச் சபையின் கல்வி முறையாகவும் கொள்ள வேண்டும்.

2. ஆசிரியரும் கவிராயரும்

திருநெல்வேலியில் வேளாளக் குடும்பத்தில் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவயதில் தஞ்சைக்கு அழைத்துவந்து படிக்க வைத்தவர் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர். பின்னாளில் மன்னரான இரண்டாம் சரபோஜியும் அவருடைய பராமரிப்பில் வளர்ந்தவரே. வேதநாயகம் மிஷன் பள்ளியில் ஆசிரியரானார். இப்பின்னணி அவருடைய இசையை விளங்கிக்கொள்ள இன்றியமையாதது. அரசவையின் கலை வடிவங்களும் மிஷன் பள்ளியின் புதிய அறிவியலும் வேதாகமமும் அவரிடத்தில் ஒன்றுகூடின.

1800இல் அவர் இயற்றிய பெத்லேகம் குறவஞ்சி இதன் பயன். கோயில்களிலும் அரசவையிலும் வழங்கிய குறவஞ்சி நாடக அமைப்பை எடுத்து, தேவமோகினியைத் தலைவியாகவும் இயேசுவைத் தலைவனாகவும் வைத்தார். பூகோளமும் வான சாஸ்திரமும் அதில் இடம்பெற்றன. அவற்றைப் பள்ளியில் பயிலாதவரும் பாட்டின் வழியே கேட்டறிந்தனர்.

சுவிசேஷ கவிராயர் என்று சபையார் அவரை அழைத்தனர். மிஷன் தரும் பதவி மிஷனின் விருப்பத்தைச் சார்ந்தது. கேட்பவர்கள் தரும் பட்டமோ அவர்கள் நினைவில் வைத்திருக்கும்வரை நிலைக்கும். இந்த வேறுபாட்டின் வலிமை அடுத்து வந்த பூசலில் வெளிப்பட்டது.

3. 1829ஆம் ஆண்டின் முறையீடு

1820களில் தஞ்சை மிஷனுக்கு வந்த புதிய மிஷனெரிகள் பழைய வழக்கங்களைத் திருத்த முனைந்தனர். சாஸ்திரியாரும் அவரைச் சார்ந்தோரும் எழுப்பிய முறையீட்டில் நான்கு குறைகள் முதன்மையானவை: வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பை மாற்றுவது, திருவிருந்தில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக்க வற்புறுத்துவது, திருமணங்களிலும் பண்டிகைகளிலும் பூமாலைகளை விலக்குவது, தமிழ்ப் பாடல்களையும் இசையையும் தடுப்பது.

இப்பூசலுக்கு இருவகை விளக்கங்கள் தரப்படுவதுண்டு. ஒன்று, மண்ணின் பண்பாட்டை அந்நியரிடமிருந்து காத்த போராட்டம் என்பது. மற்றொன்று, சமத்துவத்தை எதிர்த்த உயர்சாதியாரின் பிடிவாதம் என்பது. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு, இரண்டும் முழுமையல்ல. பாட்டும் சாதியும் ஒரே முறையீட்டில் அருகருகே நிற்பது ஏன் என்பதே கேட்க வேண்டிய வினா. சாஸ்திரியாருக்கு இவை யாவும் சுவார்ட்ஸ் காலத்திலிருந்து வந்த வழக்கம் என்னும் ஒரே உடைமையின் பகுதிகள். அவ்வழக்கத்தை நினைவில் ஏந்தி, மணவீட்டிலும் பண்டிகையிலும் பாடி உயிர்ப்பித்தவர் அவரே. பாட்டைக் காக்கும் உரிமையோடு, பறையர் தனியே அமர்ந்த தஞ்சை ஆலயத்தின் இருக்கை ஒழுங்கைக் காக்கும் உரிமையும் தமக்கு உண்டென்று அவர் கருதினார். அக்கருத்து சுவிசேஷத்துக்குப் பொருந்தாதது. அவர் பாடல்களை நேசிப்பவர்களும் இதை மறைக்கக் கூடாது.

1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைகளில் சாதி வேறுபாடு அறவே நீங்க வேண்டும் என்று சுற்றுமடல் விடுத்தார். பாட்டைப் பொறுத்தவரை காற்று எதிர்த்திசையில் வீசியது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து நூலாக்கினார். சாஸ்திரியாரின் பாடல்கள் அதில் சிறப்பிடம் பெற்றன. சாதியைக் கண்டிப்பதில் உறுதியாக நின்ற மிஷன் ஒன்றே, சாதியைக் காத்த கவிராயரின் பாடல்களைத் தன் சபைகளுக்குக் கொடுத்தது. திருவிருந்துப் பந்தியில் உடன் அமர்வதற்குத் தடை சொன்ன ஒருவரின் பல்லவியை, அத்தடைக்கு ஆளானவர்களின் பிள்ளைகளும் தங்கள் பாட்டாகப் பாடினார்கள்.

4. பாடும் உரிமை யாருக்கு?

அப்படியானால் கீர்த்தனை தன் ஆசிரியரின் எல்லைகளைக் கடந்துவிட்டது என்று அமைதி கொள்ளலாமா? மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவ்வாறு கருதவில்லை. கருநாடக இராகமும் வடசொல் மிகுந்த நடையும் ஒடுக்கப்பட்ட கிராமத்து மக்களைக் கேட்போராகவே நிறுத்திவிடுகின்றன என்பது அவருடைய விமர்சனம். நாட்டுப்புற மெட்டில், பேச்சு மொழியில், மக்கள் தாங்களே மாற்றிப் பாடத்தக்க பாடல்களை அவர் இயற்றினார். எல்லாரும் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார்.

கீர்த்தனையின் பல்லவி எழுத்தறியாதவருக்கு வாய்ப்பளித்தது உண்மையே. ஆனால் சரணத்தை எழுதும் உரிமை படித்த குடும்பங்களிடமே பெரிதும் தங்கியது. அப்பாவு கோரியது அந்த இரண்டாவது உரிமையை. தஞ்சையில் பாட்டும் பந்தியும் ஒரே முறையீட்டில் எதிரெதிர் நீதிகளாக நின்றன. அரசரடியில் அவை ஒரே நீதியாயின. சபைப் பாடகருக்குரிய அதிகாரத்தை அப்பாவு குறைக்கவில்லை. அதைப் பலருக்கும் பகிர்ந்தார்.

5. முடிவுரை

இவ்விரு இசைஞர்களையும் சேர்த்து நோக்கும்போது ஆய்வுக்கு ஒரு கடமையும் சபைக்கு ஒரு பொறுப்பும் புலனாகின்றன. மிஷன் அறிக்கைகளையும் பேராயக் குறிப்புகளையும் மட்டும் கொண்டு சபை வரலாறு எழுதினால், சபையார் உண்மையில் நம்பியது எது என்பது தப்பிப்போகும். கீர்த்தனை நூல்களையும் பாட்டோடு கதை சொல்லும் காலட்சேப மரபையும் திருமண, துக்க வீட்டுப் பாடல்களையும் முதன்மைச் சான்றுகளாக ஏற்க வேண்டும். சபையோ தன் பாடகரைக் குரலின் இனிமை கொண்டு மட்டும் அளக்கலாகாது. அவர் பாட்டை யார் மனப்பாடம் செய்ய முடிகிறது, யார் அதில் தம் வாழ்வைச் சேர்த்துப் பாட முடிகிறது என்பவை இன்னும் கடுமையான அளவுகோல்கள். சாஸ்திரியார் முதல் அளவுகோலில் பெருஞ்சாதனை புரிந்தார். இரண்டாவதை நிறைவேற்றும் கடன் அவர் பாடல்களை இன்றும் பாடிவரும் சபைகளைச் சார்ந்தது.