காரின் கணினித் தரவும் ஆர்வலர் முயற்சிகளும்

காரின் எஞ்சினை இயக்கும் கணினியிலிருந்து தரவை எடுத்து, தயாரிப்பாளர் எண்ணியிராத வேலைகளுக்குப் பயன்படுத்தும் ஆர்வலர் முயற்சிகள் 2000களில் பரவலாயின. காற்று மாசைக் குறைக்க வந்த ஒரு சட்டமே இதற்கு வழிதிறந்தது. அத்தரவு யாருக்கு உரியது என்ற கேள்வியும் அத்துடன் எழுந்தது.

தோற்றம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் புகைமூட்டத்தால் நெடுங்காலம் அவதிப்பட்டது. 1988 மாடல் கார்கள் முதல், புகை தொடர்பான பழுதை வண்டியே கண்டறிந்து விளக்கெரித்துக் காட்ட வேண்டும் என அம்மாநிலக் காற்றுவள வாரியம் விதித்தது. ஆனால் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென இணைப்பும் குறியீடும் வைத்திருந்தது. இக்குறையை நீக்கிய ஓபிடி-2 என்னும் தரநிலை, 1996 முதல் அமெரிக்கா முழுவதும் கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்கு அருகில் 16 ஊசிகள் கொண்ட ஒரே வகைச் செருகுவாயும், பொதுவான கேள்வி எண்களும் வந்தன.

தரவைப் படிக்கும் முறை

கணினியிடம் எண்ணால் கேட்டால் அது எண்ணால் பதில் சொல்லும். 5 என்ற கேள்விக்கு வரும் எண்ணிலிருந்து 40-ஐக் கழித்தால் எஞ்சின் குளிர்நீரின் வெப்பநிலை செல்சியசில் கிடைக்கும். 13 என்ற கேள்விக்கு வரும் எண்ணே மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் வேகம். 12-ஆம் கேள்விக்கு இரண்டு எண்கள் வரும். அவை 26, 248 என்றால், (26×256+248)÷4 என்ற கணக்கின்படி எஞ்சின் நிமிடத்துக்கு 1726 முறை சுழல்கிறது.

கனடாவின் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் உருவாக்கிய இஎல்எம்327 என்ற சில்லு இந்த உரையாடலை எளிதாக்கியது. அதன் மலிவான நகல்கள் உலகெங்கும் பரவின. புளூடூத் வழியே கைப்பேசியே காரின் அளவுமானியானது.

ஆர்வலர் முயற்சிகள்

பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப்போல் சுமார் 14.7 மடங்கு காற்று தேவை. எனவே எஞ்சினுக்குள் செல்லும் காற்றின் அளவையும் வேகத்தையும் கொண்டு, அந்த நொடியின் மைலேஜைக் கணக்கிட முடிந்தது. ஃபோர்டு நிறுவனம் ஓப்பன்எக்ஸ்சி என்ற திறந்த தளத்தை வெளியிட்டது. 2013-இல் அதன் பொறியாளர் ஒருவர், விளையாட்டுக் கருவியின் அதிர்வு மோட்டாரை முப்பரிமாண அச்சில் வார்த்த கியர் குமிழுக்குள் பொருத்தி, கியர் மாற்ற வேண்டிய தருணத்தில் அது அதிரும்படி செய்தார்.

ஆபத்தும் வெளிப்பட்டது. வாஷிங்டன், கலிபோர்னியா (சான் டியேகோ) பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இச்செருகுவாய் வழியே பிரேக்கைச் செயலிழக்கச் செய்யலாம் என்று 2010-இல் காட்டினர். 2015-இல் இருவர் ஜீப் ஒன்றைத் தொலைவிலிருந்தே கட்டுப்படுத்திக் காட்டியதும் 14 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன.

இந்தியாவில்

இந்தியாவில் பாரத் நிலை-4 விதிகளின் கீழ் கார்களுக்கு 2010 ஏப்ரலில் ஓபிடி முதல் கட்டமும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமும் வந்தன. இருப்பினும் புகை சாராத தகவல்கள் பல நிறுவனங்களின் தனிக் கருவிகளுக்கே புலப்பட்டன. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்குத் தராமல் போட்டியைத் தடுத்ததாக 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் 2,544.64 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன. ஓட்டப்பிடாரம் போன்ற ஊர்களின் மெக்கானிக்குகளுக்கு இது பிழைப்பு சார்ந்த கேள்வி. கருவி கிடைக்காவிட்டால், கைத்திறன் இருந்தும் வண்டியை நகரத்துச் சேவை மையத்துக்கே அனுப்ப வேண்டியிருக்கும்.

மின்கார்கள்

ஓபிடி-2 புகைக்காக எழுந்தது. மின்காரில் புகை இல்லை. எனவே மின்கல நலம் போன்ற தகவல்களுக்கு நிறுவனங்கள் தத்தம் குறியீடுகளையே வைத்தன. நிசான் லீஃப் காரின் குறியீடுகளை ஆர்வலர்கள் கண்டறிந்ததால், லீஃப் ஸ்பை என்ற செயலி மூலம் மின்கலம் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதைப் பழைய கார் வாங்குவோரும் அறிய முடிகிறது. 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்கார் தொழிற்சாலை தூத்துக்குடியில் திறக்கப்பட்டது. இதனால், வண்டியின் கணினியைப் படிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இக்கடற்கரைக்கும் நெருங்கி வந்துள்ளது.