தடையை நீக்கும் பேரத்தில் விடுபடுகிறவர் யார்?

கடந்த தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கொஸ்லந்த டவுனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, என்னோடு ஒன்றாகப் படித்த நண்பன் காத்துக்கொண்டிருந்தான். கொழும்பில் வேலை செய்கிறவன். தேநீர்க் கடையின் மூலையில் உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டான்: "மச்சான், அந்த முந்நூத்தி அறுபத்தஞ்ச தூக்கிட்டாங்களா, இல்லயா? ஒருத்தன் தூக்கியாச்சுங்கிறான், இன்னொருத்தன் இல்லங்கிறான்."

அவன் ஆண்களை விரும்புகிற ஆண். அது லயத்தில் யாருக்கும் தெரியாது. கொழும்பில் ஓர் இரவு வீதியில் மறித்த பொலிஸார் அவனுடைய ஃபோனை வாங்கிச் செய்திகளைப் படித்துவிட்டு, இந்தச் சட்டத்தைச் சொல்லி மிரட்டியிருக்கிறார்கள். வழக்குப் போடவில்லை. பையிலிருந்த சம்பளக் காசுதான் போனது. யாரிடம் போய் முறையிடுவது? முறைப்பாடு எழுதினால் அதில் காரணத்தையும் எழுத வேண்டும்.

அவனுக்கு நான் சொன்ன பதில்: நீக்கப்படவில்லை. ஏன் நீக்கப்படவில்லை என்பதைச் சொல்ல ஒரு தேநீர் போதவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இலங்கையின் கதைக்குப் போகுமுன், இதைப் போன்ற ஒரு தடையைக் கட்சிகள் பேரம் பேசியே நீக்கிய இடத்தைப் பார்க்க வேண்டும். அது அமெரிக்க இராணுவம். இராணுவம் என்ற சொல்லே நம்மில் பலருக்கு ஆறாத காயம். 'காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் எங்களுக்கு, எந்தப் படையில் யார் சேர்ந்தால் என்ன?' என்று கேட்பவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. நான் படைகளின் பெருமை பேச வரவில்லை. ஒரு சிறு தொகையினரின் உரிமைக்குப் பெரும்பான்மைச் சபையில் எப்படி விலை பேசப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு கிடைப்பது அரிது. அந்தச் சந்தையை நமக்கும் தெரியும்.

கேட்காதே, சொல்லாதே

சமபாலீர்ப்பாளர்கள், அதாவது தன் பாலினத்தவரையே விரும்புகிறவர்கள், படையில் சேர இருந்த தடையை நீக்குவேன் என்று 1992 தேர்தலில் பில் கிளின்டன் வாக்குறுதி கொடுத்தார். படை உயரதிகாரிகள் எதிர்த்தார்கள். அவருடைய சொந்த ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த, செனட் சபையின் ஆயுதப்படைக் குழுத் தலைவர் சாம் நன்னும் எதிர்த்தார். முடிவில் 1993இல் வந்தது ஓர் இடைநிலைச் சட்டம். 'கேட்காதே, சொல்லாதே' என்பது அதற்கு வழங்கிய பெயர். வாயைத் திறக்காதவரை வேலை இருக்கும், தெரிந்துவிட்டால் வெளியே. அந்தச் சட்டத்தின் கீழ் 13,000க்கும் மேற்பட்டோர் படையிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

2010இல் பராக் ஒபாமாவின் கட்சிக்கு இரு சபைகளிலும் பெரும்பான்மை இருந்தது. ஆனால் செனட்டில் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போகவே 60 வாக்குகள் தேவை. மே மாதம் வெள்ளை மாளிகையோடு ஒரு சமரசம் எட்டப்பட்டது. தடை நீங்கும்; ஆனால் ஜனாதிபதி, பாதுகாப்புச் செயலர், கூட்டுப்படைத் தலைவர் மூவரும் 'படை தயார்' என்று சான்றளித்த பிறகே நீங்கும். முதலில் கேட்கப்பட்டிருந்த, பாகுபாடு காட்டக் கூடாது என்ற பிரிவு கைவிடப்பட்டது. பேரத்தில் கொடுத்த முதல் விலை அது.

நீக்கும் பிரிவைப் பாதுகாப்புச் செலவினச் சட்டமூலத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். செப்டெம்பர் 21இல் செனட்டில் 56க்கு 43 என்று தடைப்பட்டது. நவம்பர் தேர்தலில் கீழ்ச்சபை குடியரசுக் கட்சியின் கைக்குப் போனது. புதிய சபை ஜனவரியில் கூடினால் எல்லாம் முடிந்தது. மிஞ்சியவை சில வாரங்கள்.

அந்த வாரங்களில்தான் உண்மையான சந்தை நடந்தது. வரிச்சலுகையும் அரசாங்கச் செலவுக்கான நிதியும் முடிவாகும்வரை வேறு எந்தச் சட்டமூலத்தையும் விடமாட்டோம் என்று 42 குடியரசுக் கட்சி செனட்டர்களும் கையொப்பமிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். டிசம்பர் 9இல் 57க்கு 40 என்று மீண்டும் தோல்வி. உடனே ஜோ லீபர்மன், சூசன் கொலின்ஸ் என்ற இரு செனட்டர்கள் அந்தப் பிரிவை மட்டும் தனியே பிரித்துத் தனிச் சட்டமூலமாக்கினார்கள். கொலின்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். கீழ்ச்சபை டிசம்பர் 15இல் 250க்கு 175 என்று நிறைவேற்றியது. வரி உடன்பாடு 17இல் கையொப்பமானது. மறுநாள் 18இல் செனட் 65க்கு 31 என்று நிறைவேற்றியது. எதிர்க்கட்சியிலிருந்து 8 பேர் ஆதரித்தார்கள். 2011 செப்டெம்பர் 20இல் தடை நடைமுறையில் நீங்கியது.

இந்தக் கதை இத்தோடு முடிந்தால் இனிப்பாக இருக்கும். அதே டிசம்பர் 18இல், அதே செனட்டில், இன்னொரு சட்டமூலமும் வந்தது. சிறு வயதில் ஆவணமின்றி நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு அங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமைக்கு வழி திறக்கும் 'ட்ரீம்' சட்டமூலம். அதற்குக் கிடைத்தது 55, தேவை 60. ஒரே நாளில் ஒரு கதவு திறந்தது, இன்னொன்று மூடியது.

திறந்த கதவுக்குள்ளும் எல்லாரும் போகவில்லை. பால்மாறியவர்கள் மீதான தடை படைவிதிகளில் இருந்தது. 2010 சட்டம் அதைத் தொடவில்லை. 2016இல் நீக்கினார்கள், பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள், 2021இல் மறுபடி நீக்கினார்கள், 2025இல் ட்ரம்ப் மறுபடியும் கொண்டுவந்தார்.

நம் நாட்டில் நடந்தது

இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவை 1883இல் பிரித்தானியர் எழுதியது. 365ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. 365அ பிரிவு 'பாரதூரமான அநாகரிகச் செயலுக்கு' 2 ஆண்டுகள் வரை. 1995இல் சட்டக்கோவையைத் திருத்தியபோது இதை நீக்க ஒரு வாய்ப்பு இருந்தது. நடந்தது எதிர்மாறு. 365அவில் 'ஆண்' என்றிருந்த இடத்தில் 'ஆள்' என்று மாற்றியதால், அதுவரை தப்பியிருந்த பெண்களும் உள்ளே வந்தார்கள்.

2016 நவம்பரில் ஒரு வழக்கில் உயர் நீதிமன்றம், வயதுவந்த இருவர் மனமொத்து நடந்துகொள்வதைச் சட்டம் கண்காணிப்பது இக்காலச் சிந்தனைக்குப் பொருந்தாது என்ற வகையில் கருத்துச் சொன்னது. ஆனாலும் சட்டம் இருப்பதால் குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்தது. சில வாரங்களில், 2017 ஜனவரியில், தேசிய மனித உரிமைகள் செயற்திட்ட வரைவிலிருந்த இதைக் குற்றமற்றதாக்கும் யோசனையை நல்லாட்சி அமைச்சரவை வெட்டியெறிந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒன்றாக ஆண்ட காலம் அது.

2022 ஓகஸ்டில் பொதுஜன பெரமுன உறுப்பினர் பிரேம்நாத் சி. தொலவத்த தனிநபர் சட்டமூலம் ஒன்றை முன்வைத்தார். ஜனாதிபதி ரணில் விக்ரமசிங்க, அரசாங்கம் எதிர்க்காது, ஆனால் ஒவ்வோர் உறுப்பினரும் தன் மனச்சாட்சிப்படி முடிவெடுக்க வேண்டும் என்றார். கேட்க நல்ல பேச்சு. அதன் அரசியல் பொருள், எந்தக் கட்சியும் தன் உறுப்பினர்களுக்குக் கட்டளையிடாது, எந்தக் கட்சியும் பழியைச் சுமக்காது என்பதே.

2023 மார்ச்சில் அது வர்த்தமானியில் வந்தது. எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார்கள். சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்ற தீர்மானம் மே 9இல் சபாநாயகரால் அறிவிக்கப்பட்டது. மூன்றில் இரண்டு வேண்டாம், சர்வசன வாக்கெடுப்பும் வேண்டாம். சாதாரண பெரும்பான்மை போதும். நண்பனிடம் "தூக்கியாச்சு" என்று சொன்னவர் அனேகமாக இந்தத் தீர்மானத்தைத்தான் சட்டமாக நினைத்திருப்பார். சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வரவேயில்லை. 2024 செப்டெம்பர் 24இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டபோது அதுவும் செத்தது. நவம்பரில் தெரிவான சபையில் 225இல் 159 ஆசனங்கள் தேசிய மக்கள் சக்தியிடம் உள்ளன. எண்ணிக்கை இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நீதிமன்றம் மட்டும் போதுமா என்றால், பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6இல் 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து மனமொத்த உறவை விடுவித்தது. நான்கு மாதங்களில், 2019 ஜனவரியில், அன்றைய இராணுவத் தளபதி பிபின் ராவத் இராணுவத்துக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்றார். 1950ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்தில் 46ஆம் பிரிவு 'இயற்கைக்கு மாறான' நடத்தையைத் தண்டிக்கிறது. தீர்ப்பு முகாம் வாசலில் நின்றுவிட்டது.

மலையகத்துக்குத் தெரிந்த கணக்கு

இதையெல்லாம் நண்பனுக்குச் சொன்னபோது அவன் சிரித்தான். "இது நம்ம தாத்தா கதடா" என்றான். சரிதான். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து எங்களைப் பங்கு பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடைசி மிச்சத்துக்கும் விடிவு வர 2003 வரை ஆனது. 'பிறகு பார்க்கலாம்' என்று விடப்பட்டவர்கள் எவ்வளவு காலம் காத்திருப்பார்கள் என்பதை எங்கள் தோட்டங்களில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே மறுபடி ஒரு சட்டமூலம் வந்தால் மூன்று விடயங்களைப் பார்க்கச் சொல்வேன். அது அரசாங்கத்தின் பெயரில் வருகிறதா, தனியொருவரின் பெயரிலா? வாக்கெடுப்புக்குத் திகதி குறித்திருக்கிறார்களா? சமரசத்தின் பெயரில் யாரை வெளியே விட்டிருக்கிறார்கள்? நம் வாக்கைக் கேட்டு வருகிற தமிழ், மலையக உறுப்பினர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். குடியுரிமைக்கும் காணிக்கும் நீதிக்கும் வாதாடுகிறவர்கள், இந்த உரிமை வரும்போது மட்டும் 'மனச்சாட்சி' என்று ஒதுங்க முடியாது.

கடைக்காரர் காசுக்கு வந்து நின்றதும் நண்பன் பேச்சை மாற்றி மழையைப் பற்றிக் கேட்டான். அவர் போன பிறகும் நாங்கள் கொஞ்ச நேரம் மழையைப் பற்றியே பேசினோம். மூன்றாம் நாள் அவன் கொழும்பு பஸ் ஏறினான். ஏறுமுன் ஃபோனை எடுத்து, செய்திகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தான்.