மெட்டுப் பாதையும் வார இறுதி மலையேற்றமும்

உடும்பஞ்சோலை வட்டத்தின் கிழக்கு விளிம்பில் ஊர்ப்பெயர்கள் பல ‘மெட்டு’ என்று முடிகின்றன: போடிமெட்டு, சாக்கலூத்துமெட்டு, கம்பம்மெட்டு, இராமக்கல்மெட்டு. தேனிச் சமவெளியிலிருந்து மூச்சிரைக்க ஏறிவரும் பாதை முகட்டைத் தொடும் இடமே மெட்டு. மலைமேல் இருப்பவருக்கு அது இறக்கத்தின் தொடக்கம். ஆகவே இப்பெயர்கள் கீழிருந்து ஏறி வந்தவர்களின் பார்வையில் அமைந்தவை என்று கொள்ளலாம்.

அவ்வாறு ஏறியவர்களில் முதுவர்கள் மூத்தவர்கள். மதுரைப் பக்கமிருந்து மலையேறி வந்ததாக அவர்களின் வாய்மொழி மரபு கூறும். அவர்களுக்குப் பின் ஏலக்காட்டுத் தொழிலாளரும் சுமைகூலிகளும் போடி, கம்பம் வணிகர்களும் வந்தனர். இவர்கள் எவரும் மலையைக் காண ஏறியவர்கள் அல்லர், பிழைப்புக்காக ஏறியவர்கள். பருவம் அறிந்தே அவர்களது கால் பாதையில் பட்டது. தென்மேற்குப் பருவத்தில் முகட்டுக்கு மேற்கே அடைமழை. கிழக்கே போடிப் பக்கம் காற்று மட்டும். ஐப்பசியில் கிழக்குச் சரிவின் ஓடைகள் பெருகும். மாசி, பங்குனியில் அதே சரிவின் புல் சருகாகிக் கிடக்கும். இவ்வறிவு எந்த ஆவணத்திலும் முறையாகப் பதியப்படவில்லை. ஆவணக் காப்பகத்தை மட்டும் நம்பும் வரலாற்றெழுத்துக்கு இது ஒரு பெருங்குறை.

தேயிலைத் தோட்டங்கள் இப்பாதைகளின் பயனை மாற்றின. 1902இல் மூணாறு–டாப் ஸ்டேஷன் இடையே மாடுகள் இழுத்த ஒற்றைத் தண்டவாளம் அமைந்தது. 1908இல் அது குற்றகல இரயில்பாதையாயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரத்துக்கு இறங்கிக் குரங்கணி வழியே போடிநாயக்கனூர் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த இரயில்பாதையை அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவே இல்லை. பின்னர் மோட்டார் சாலை சரக்கையும் மனிதரையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. 1956இன் மொழிவழி எல்லையும் பாதையின் இரு முனைகளையும் முன்போலவே இரு மாநிலங்களில் வைத்தது. நடைபாதைகள் எஞ்சின, அவற்றில் நாள்தோறும் நடந்தவர்கள் குறைந்தனர்.

அந்த வெறுமையில்தான் வார இறுதி மலையேற்றம் நுழைந்தது. 2018 மார்ச் 10, சனிக்கிழமை, சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் இரு குழுக்கள் வந்தன. வனத்துறை அனுமதித்த வழி குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்வது. இவர்கள் சென்றதோ கொழுக்குமலை வழி. மறுநாள் பிற்பகல், ஒத்தமரம் என்னும் இடத்தருகே இறங்கிக்கொண்டிருந்தபோது காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் மாண்டனர். சரிவில் தீ மேல்நோக்கியே விரையும். அதன் வெப்பம் மேலுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். பகல் வெயிலில் காற்றும் மேல்நோக்கி வீசும். பங்குனியை நெருங்கும் நாளில், உச்சிப்பொழுதுக்குப் பின், காய்ந்த புல்வெளியில் இறங்குவது எத்தகையது என்பதை அடிவாரத்தில் எவரைக் கேட்டிருந்தாலும் அறிந்திருக்கலாம். தீயைக் கண்டு முதலில் மலையேறியவர்களும் அவ்வூர் மக்களே.

ஆல்ப்ஸ் மலையில் வார இறுதியில் பனிச்சறுக்கச் செல்பவர் அன்றைய பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்த பின்பே கிளம்புவார். சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் இதற்கெனவே ஓர் ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. உள்ளூரார் தலைமுறைகளாகக் கண்டறிந்ததை அங்கு அறிவியல் தன்னுள் ஏற்றுக்கொண்டது. இங்கோ அது தேநீர்க்கடைப் பேச்சாகவே நின்றுவிட்டது. பங்குனிப் புல்லின் ஆபத்து மார்கழிப் பனியின் ஆபத்துக்குக் குறைந்ததன்று.

விபத்துக்குப் பின் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024இல் 40 வழித்தடங்கள் முறைப்படி திறக்கப்பட்டன. உள்ளூர்ப் பழங்குடியினரும் கிராம இளைஞர்களும் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாயினர். வழிகாட்டுதல் என்பது ஊதியம் பெறும் தொழிலாகியிருப்பது சிறிய மாற்றமன்று. ஆயினும் கொழுக்குமலையின் சிக்கல் தனித்தன்மையது. தோட்டம் தேனி மாவட்டத்தில். அதற்கான ஜீப் பாதையோ உடும்பஞ்சோலை வட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. கதிரவன் எழுவதைக் காணக் கேரளத்திலிருந்து ஜீப்பில் வருபவர் முகட்டில் நின்று கிழக்கே நோக்கினால் குரங்கணிச் சரிவு காலடியில் தெரியும். பார்வைக்கு அரை நாள் இறக்கம். இறங்கினால் வேறொரு மாநிலத்தின் காப்புக்காடு.